எளியவரின் முதல் மோட்டார் சைக்கிள்

மன்னர் ஏறிய யானைக்கும் வீரர் செலுத்திய குதிரைக்கும் வரலாற்றில் இடம் உண்டு. உழைத்துண்ணும் எளியவன் தன் வாழ்நாளில் முதன்முதலாக வாங்கிய வண்டிக்கு அவ்வாறான இடம் எவரும் தந்ததில்லை. எனினும், ஒரு சமுதாயத்தின் வாழ்க்கை எவ்வாறு மாறியது என்பதை அறிய விரும்புவோர் அரண்மனை வாயிலை விட்டுத் தொழிலாளியின் வீட்டு வாயிலைக் காண்பது நன்று. மலேசியாவில் அவ்வாயிலில் நிற்பது பெரும்பாலும் ஒரு சிறிய மோட்டார் சைக்கிளேயாகும். அது எங்கிருந்து வந்தது, ஏன் அதையே எளியவர் தேர்ந்தெடுத்தனர், அத்தேர்வினால் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பனவற்றை எண்ணிப் பார்ப்பது பயனுடையதாகும்.

காலும் மிதிவண்டியும்

மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு உலகம் என்பது லயமும், பெரட்டுக் களமும், பால்மரக் காடும், கோயிலும், கள்ளுக்கடையும், பள்ளிக்கூடமும் அடங்கிய ஒரு சிறு வட்டமாகவே நெடுங்காலம் இருந்தது. விடியற்காலையில் எழுந்து காட்டிற்குள் நடந்து, மரம் சீவி, சேர்ந்த பாலைக் காண்டாக் கம்பில் வாளிகளாகத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவந்த தலைமுறை அது. பட்டணம் செல்வதென்றால் செம்மண் சாலையில் பல கல் நடந்து, பெருஞ்சாலையில் பேருந்துக்குக் காத்திருத்தல் வேண்டும். நடுநிசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், தோட்டத்து மருத்துவமனையைத் தவிர வேறு கதியில்லை.

பின்னர் மிதிவண்டி வந்தது. அதன் பின்தட்டில் பால் தகரத்தைக் கட்டி ஓட்டியவர்கள், தோளின் பாரத்தைச் சக்கரத்தின் மேல் இறக்கிவைத்தனர். ஆயினும், மேட்டு நிலத்தில் மிதிவண்டியும் ஒரு சுமையே. அக்காலத்து மோட்டார் சைக்கிள்களோ பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ப் போன்ற ஆங்கில நாட்டு வண்டிகள். அவை எடையும் ஒலியும் விலையும் மிகுந்தவை. துரைமார்க்கும் அரசாங்க அலுவலர்க்கும் உரியவையாகத் தோன்றின. பால்வெட்டுத் தொழிலாளி அவற்றைப் பார்த்து வியந்தானேயன்றி, வாங்கக் கருதினானில்லை.

இதற்கிடையில் தோட்டத்தின் வட்டமும் உடையத் தொடங்கியது. அயல்நாட்டு நிறுவனங்கள் தங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசீஸ் தலைமையில் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கிக் காக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு துன் வீ. தி. சம்பந்தன் 1960 ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இந்த நெருக்கடியிலேதான். வேலை ஓரிடத்திலும் வீடு வேறிடத்திலுமாக ஆன நிலையில், கால்நடையாகச் சென்று பிழைக்கும் வாழ்க்கை இனி இயலாது என்பது தெளிவாயிற்று.

போரின் எச்சத்தில் பிறந்த பொறி

எளியவர்க்கு ஏற்ற வண்டி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதில் ஒரு விந்தை உண்டு. 1941 ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவிற்குள் புகுந்த சப்பானியப் படையினர் பலர் மிதிவண்டியில் வந்தவர்களே. அவர்களது ஆட்சியில் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட தமிழர் எண்ணற்றவர். தோட்டங்களில் அந்த நினைவு ஆறாதிருந்த காலத்திலேயே, அந்நாட்டிலிருந்து ஓர் அமைதிக்காலப் பொறி வந்து சேர்ந்தது.

போரில் தோற்று நலிந்திருந்த சப்பானில், 1946 ஆம் ஆண்டில் ஹமமட்சு நகரில் சோய்ச்சிரோ ஹோண்டா என்னும் பொறிவல்லார் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். படையினர் தங்கள் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் உண்டாக்கப் பயன்படுத்திய சிறு இயந்திரங்கள் போருக்குப்பின் பயனற்றுக் கிடந்தன. அவற்றை வாங்கி மிதிவண்டியில் பூட்டி விற்றார் அவர். போர்க்கருவியாக இருந்தது பிழைப்புக் கருவியாயிற்று. 1948 ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் உருவாயிற்று. மறு ஆண்டில் வாணிகத்துறையைத் தாங்கும் துணைவராகத் தாக்கியோ ஃபூஜிசாவா வந்து சேர்ந்தார்.

1952 ஆம் ஆண்டில் ‘கப்’ என்னும் பெயரால், மிதிவண்டியின் பின்சக்கரத்தருகே பொருத்தத்தக்க இயந்திரம் ஒன்று வெளிவந்தது. வெண்ணிற எண்ணெய்க் கலமும் செந்நிற இயந்திரமும் கொண்ட அதை விற்க ஃபூஜிசாவா கைக்கொண்ட வழி எளியது. நாடெங்குமிருந்த 50,000க்கு மேற்பட்ட மிதிவண்டிக் கடைகளுக்கு அவர் கடிதம் எழுதினார். அவற்றுள் ஏறத்தாழ 13,000 கடைகள் விற்பனை நிலையங்களாயின. மிதிவண்டி பழுது பார்க்கும் மூலைக் கடையே மோட்டார் வண்டிக்கும் துணைநிற்கும் என்னும் ஏற்பாடு அங்கேதான் வேரூன்றிற்று.

ஒரு கையால் ஓட்டத்தக்க வண்டி

1956 ஆம் ஆண்டின் இறுதியில் ஹோண்டாவும் ஃபூஜிசாவாவும் ஐரோப்பாவிற்குச் சென்று, அங்கு மக்கள் ஓட்டிய சிறு வண்டிகளைக் கண்டனர். அவற்றுள் எதுவும் சப்பானின் மேடுபள்ளமான சாலைகளுக்குப் பொருந்தாது என்பது அவர்கள் கருத்து. திரும்பி வந்து அவர்கள் ஆக்கிய வண்டியே 1958 ஆகஸ்டில் வெளிவந்த ‘சூப்பர் கப் சி100’ ஆகும். அதன் விலை 55,000 யென்.

அந்த வண்டியின் அமைப்பை ஆராய்ந்தால், புதிதாக ஓட்டப் பழகுபவனையும் குறைந்த பொருள் உள்ளவனையும் முன்னிறுத்தியே ஒவ்வோர் உறுப்பும் எண்ணப்பட்டிருப்பதைக் காணலாம். அக்காலத்துச் சிறு வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து எரிக்கும் ஈரடி இயந்திரம் உடையவை. சி100 வண்டியோ 49 சி.சி. கொள்ளளவும் 4.5 குதிரைத்திறனும் கொண்ட நான்கடி இயந்திரம் உடையது. ஆதலின், எரிபொருள் குறைவாகச் செலவாயிற்று, புகையும் அடங்கிற்று. சக்கரம் 17 அங்குலம். சிறு சக்கரம் விழுந்து சிக்கும் குழியை அது எளிதில் கடந்தது. கால்களுக்கு முன்னே பிளாஸ்டிக் கவசம் இருந்ததனால், சேறும் மழைநீரும் உடையில் தெறிக்கவில்லை.

இவை எல்லாவற்றினும் சிறந்தது அதன் தானியங்கு கிளட்ச். மற்ற மோட்டார் சைக்கிள்களில் இடக்கையால் கிளட்சைப் பிடித்து, இடக்காலால் கியரை மாற்றி, வலக்கையால் விசையைக் கூட்டுதல் வேண்டும். பழகாதவர்க்கு வண்டி துள்ளி நின்றுவிடும். கப் வண்டியில் இயந்திரத்தின் சுழற்சி விரைவுபடும்போது கிளட்ச் தானே பற்றிக்கொள்ளும்; தணியும்போது தானே விட்டுவிடும். காலால் கியரை அழுத்தினால் போதுமானது. உணவுக்கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்தியவாறே மற்றொரு கையால் ஓட்டவேண்டும் என்று ஹோண்டா விரும்பியதாகக் கூறுவர்.

இவ்வண்டியின் முதல் மாதிரியைக் கண்ட ஃபூஜிசாவா, 30,000 விற்கும் என்றாராம். ஆண்டுக்கு என்று மற்றவர்கள் எண்ணினர். அவரோ மாதத்திற்கு என்றார். அந்நாளில் சப்பான் முழுவதிலும் மாதந்தோறும் விற்ற ஈருருளி வண்டிகளே ஏறத்தாழ 40,000தான். அவர் சொல் பொய்க்கவில்லை. 1960 ஆம் ஆண்டில் சுசுக்காவில் இவ்வண்டிக்கெனவே பெருந்தொழிலகம் எழுந்தது. 2017 ஆம் ஆண்டில் கப் வரிசை வண்டிகளின் மொத்த எண்ணிக்கை பத்துக் கோடியை எட்டிற்று. மோட்டார் ஊர்தி வேறெதுவும் எட்டாத எண்ணிக்கை அது.

பினாங்கின் வழியே

மலாயாவிற்கு இவ்வண்டி வந்த கதையும் ஓர் எளியவரின் கதையே. சீனாவின் ஃபூச்சியான் மாநிலத்தில் 1915 ஆம் ஆண்டில் பிறந்த லோ பூன் சியூ, 12 வயதில் பினாங்கிற்கு வந்தவர்; பள்ளிப் படிப்பு வாய்க்கப் பெறாதவர். பட்டறையில் தொழில் பழகியும், இரவில் பேருந்துகளைக் கழுவியும் பொருள் சேர்த்து, வாணிகராக உயர்ந்தார். சப்பான் சென்றிருந்தபோது இச்சிறு வண்டியைக் கண்ட அவர், 1958 ஆம் ஆண்டில் மலாயாவில் அதனை விற்கும் உரிமையைப் பெற்றார். பின்னர்ப் பாகங்களை வரவழைத்து வண்டியைப் பூட்டி முடிக்கும் தொழிலகமும் பினாங்கு மாநிலத்தில் அமைந்தது. 1995 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

கப் என்னும் பெயரோடு, சிறியது என்னும் பொருள் தரும் ‘சாய்’ என்னும் சீனச் சொல் சேர்ந்து ‘கப்சாய்’ ஆயிற்று என்பர். சப்பானியர் ஆக்கி, சீனர் பெயரிட்டு, மலாய்க்காரரும் தமிழரும் ஓட்டும் இவ்வண்டியைப்போல் இந்நாட்டின் பொதுச்சொத்தாகிய பொருள் வேறொன்று அரிது. யமஹா, சுசுக்கி முதலிய நிறுவனங்களும் இதே வடிவில் வண்டிகளை ஆக்கின. 1995 ஆம் ஆண்டில் தோன்றிய மொடெனாஸ் நிறுவனம், கெடாவில் உள்ள கூருனில் தொழிலகம் அமைத்து, மறு ஆண்டிலேயே ‘கிரிஸ்’ என்னும் உள்நாட்டு வண்டியை வெளியிட்டது. அதுவும் கப்சாய் வடிவினதே.

தோட்டத்தில் இது செய்த மாற்றம் சிறிதன்று. பால் தகரங்கள் பின்தட்டிலும் இருபுறங்களிலும் ஏறின. தாழ்ந்த நடுப்பகுதியை உடையதனால், கைலி அணிந்த பெண்களும் இதில் ஏறி அமர இயன்றது. 1970களில் பினாங்கின் பாயான் லெப்பாசிலும் பிறையிலும் தொழிற்பேட்டைகள் பெருகியபோது, லயத்தில் வாழ்ந்துகொண்டே தொழிற்சாலையில் வேலைபார்க்க வழி பிறந்தது.

கல்வியில் இது ஆற்றிய பணியைத் தனியே கூறுதல் தகும். தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்குமேல் புகுமுக வகுப்பிற்கும் இடைநிலைப் பள்ளிக்கும் பட்டணம் செல்லுதல் வேண்டும். பேருந்து எட்டாத தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சில கல் தொலைவே கல்வியின் முடிவாக அமைந்ததுண்டு. விடியுமுன் பிள்ளையைப் பின்னிருக்கையில் ஏற்றிப் பெருஞ்சாலையில் இறக்கிவிட்டு, பின்னர்ப் பெரட்டுக்கு விரைந்த தந்தையர் பலர். அவ்வண்டிக்குக் கட்டிய தவணைப் பணம் ஒருவகையில் பள்ளிக் கட்டணமே எனலாம்.

தேர்வின் இலக்கணம்

முதல் வண்டியை வாங்கும் எளியவர் எதை நோக்கினர்? ஏட்டுக் கல்வி குறைந்தவராயினும், அவர் கணக்கில் பிழை மிகுதியாக இல்லை.

முதலாவதாக, வாங்கும் விலையை மட்டும் அவர் பார்க்கவில்லை. நாளும் ஆகும் செலவையும் பார்த்தார். வாங்குவது ஒருமுறை, எண்ணெய் ஊற்றுவதோ வாரந்தோறும். நான்கடி இயந்திரம் உடைய சிறு வண்டி இதனாலேயே வென்றது. 150 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்குச் சாலைவரி ஆண்டுக்கு 2 வெள்ளியே என்பதும் சிறு வண்டியின் பக்கமே நின்றது.

இரண்டாவதாக, பழுது நேர்ந்தால் எங்கே செல்வது என்பதை எண்ணினார். எத்துணை அழகிய வண்டியாயினும், உதிரிப்பாகம் கிடைக்காவிடில் அது வீட்டு வாசலில் துருப்பிடித்து நிற்கும். எல்லாச் சிற்றூர்க் கடைகளிலும் பாகம் கிடைக்கும் வண்டியே எளியவர்க்கு உரியது. பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டும் வண்டியையே தாமும் வாங்குவது வெறும் பின்பற்றுதல் அன்று. திருகுச்சாவியையும் அறிவுரையையும் இரவல் பெறும் வசதியும் அதில் அடங்கியிருந்தது.

மூன்றாவதாக, தம் வலிமைக்கு ஏற்ற எடையை நாடினார். கீழே சாய்ந்தால் தனியே தூக்கி நிறுத்த இயலாத வண்டி புதிதாகப் பழகுபவர்க்கு ஆகாது. இருக்கையில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் ஊன்ற வேண்டும். சி100 வண்டியின் எடை ஏறத்தாழ 55 கிலோகிராம் என்பதை இங்கு நினைத்தல் நன்று.

பழைய வண்டி வாங்குவோர்க்கு வேறு சில இலக்கணங்கள் உண்டு. நான்கடி இயந்திரம் சூடேறிய பின்னும் நீலப்புகை கக்குமாயின், அஃது எண்ணெயை எரிக்கின்றது என்பது பொருள். உள்ளுறுப்புகள் தேய்ந்திருத்தல் வேண்டும். சங்கிலியும் பற்சக்கரமும் பிரேக்கும் தேய்ந்திருப்பின், அவற்றை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக் காணல் வேண்டும். இயந்திர எண்ணும் சட்ட எண்ணும் பதிவு அட்டையோடு ஒத்துள்ளனவா என்று பார்த்து, உரிமையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளுதல் இன்றியமையாதது. பெயர் மாற்றாமல் நட்பின் பேரில் வாங்கிய வண்டி, களவுப் பொருளாகவோ கடன் தீராத பொருளாகவோ மாறி, வாங்கியவரைக் காவல் நிலையத்தில் நிறுத்தக்கூடும்.

தவணைக் கணக்கு

கைப்பணம் கொடுத்து வண்டி வாங்கும் ஆற்றல் தொழிலாளர் பலர்க்கு இருந்ததில்லை. தவணை முறையே அவர்க்கு வழியாயிற்று. 1967 ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் இதனை ஒழுங்குபடுத்தியது. விலையில் பத்தில் ஒரு பங்கேனும் முன்பணமாகச் செலுத்த வேண்டும் என்றும், அடுத்தடுத்து இரு தவணைகள் தவறி, 21 நாள் அறிவிப்பும் தந்த பின்னரே வண்டியை மீட்டுக்கொள்ளலாம் என்றும் அது வகுத்தது. இவ்விதியை அறியாமையால், ஒரு தவணை தவறியவுடனேயே அஞ்சி வண்டியைத் திரும்பக் கொடுப்பவன் தனக்குரிய காப்பைத் தானே இழந்தவனாகிறான்.

தட்டை வட்டியின் கணக்கு பலர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, 5,000 வெள்ளி விலையுள்ள வண்டிக்கு 500 வெள்ளி முன்பணம் செலுத்தி, எஞ்சிய 4,500 வெள்ளியை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுத் தட்டை வட்டியில் மூன்றாண்டுக்குப் பெறுவதாகக் கொண்டால், வட்டி மட்டும் 1,350 வெள்ளி. மாதத் தவணை 162 வெள்ளி 50 காசு. கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டி முதல்நாள் கடன்தொகைக்கே கணக்கிடப்படுகின்றது. ஆகவே, உண்மையான வட்டி விகிதம் ஏறத்தாழ 18 விழுக்காடாகும். பத்து என்று சொல்லப்பட்டது பதினெட்டாவதை அறிந்தவன், முன்பணத்தைக் கூட்டவும் தவணைக் காலத்தைக் குறைக்கவும் முயல்வான்.

பிணைக் கையெழுத்தைப் பற்றியும் ஒரு சொல். மகனுக்காகத் தந்தையும் தம்பிக்காகத் தமையனும் பிணை நிற்பது நம்மவர் வழக்கம். அது பாசத்தின் அடையாளமே. ஆயினும் சட்டத்தின் கண்ணில் அது கடனின் அடையாளம். வண்டி வாங்கும் இளைஞன் தன் தவணையோடு தந்தையின் மானத்தையும் சுமக்கின்றான் என்பதை உணர்தல் வேண்டும்.

கொடுத்த விலை

இச்சிறு வண்டி தந்ததை மட்டும் எழுதி, எடுத்துக்கொண்டதை எழுதாமல் விடுவது வரலாறாகாது. 2019 ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் மாண்டவர் 6,167 பேர். இந்நாட்டுச் சாலை மரணங்களுள் பத்தில் ஆறுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றோருடையவை. அவர்களுள் இளைஞரே மிகுதி. குடும்பத்தின் முதல் வண்டியாக வந்தது குடும்பத்தின் முதல் மகனைக் கொண்டுசென்ற வீடுகள் உண்டு.

நாடு இதனைக் கண்டு வாளாவிருக்கவில்லை. 1973 ஆம் ஆண்டில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 1970களில் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை அமைந்தது. உலகிற்கே முன்னோடியாக அதனைக் கூறுவர். 1992 ஆம் ஆண்டு முதல் பகலிலும் முன்விளக்கை எரியவிட்டு ஓட்டுதல் விதியாயிற்று. சிறு வண்டி பிறர் கண்ணுக்குப் படாமையே பல விபத்துகளின் காரணம் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது.

எனினும், விதிகள் செய்ய இயலாத பணி ஒன்று உண்டு; அது தேர்வு. 1980களில் விரைந்தோடும் ஈரடி இயந்திர வண்டிகள் இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்தபோது, தந்தையர் கைக்கொண்ட இலக்கணத்தை மைந்தர் கைவிட்டனர். வேலைக்குச் செல்ல வண்டி என்பது மாறி, வேகத்தைக் காட்ட வண்டி என்றாயிற்று. கப்சாய் வண்டிகளையே திருத்தி, இரவில் பொதுச்சாலையில் பந்தயம் விடும் பழக்கமும் வளர்ந்தது. தேவைக்கெனத் தோன்றிய ஒரு பொருள் ஆசைக்கென மாறும்பொழுது, அதன் விலையும் மாறிவிடுகின்றது.

இன்னொரு பிழை சிக்கனத்தின் பெயரால் நிகழ்வது. வண்டிக்கு ஆயிரக்கணக்கில் தவணை கட்டுபவன், தலைக்கவசத்தில் சில வெள்ளி மிச்சம் பிடிக்கின்றான். சிரிம் முத்திரை இல்லாத மலிவுக் கவசத்தைத் தலையில் கவிழ்த்து, வாரையும் பூட்டாமல் செல்கின்றான். குறைந்த பொருள் உள்ளவன் முதலில் ஒதுக்க வேண்டியது தலைக்கவசம், காலணி, மழைச்சட்டை, காப்புறுதி ஆகியவற்றிற்கான பணமே. எஞ்சிய தொகைக்குள் அடங்கும் வண்டியே அவனுடைய வண்டி. பதினாறு வயதில் உரிமம் பெற இந்நாட்டுச் சட்டம் இடம் தருகின்றது. உரிமம் இன்றிப் பிள்ளை தோட்டத்துச் சாலையில் ஓட்டுவதைக் கண்டு பெருமிதம் கொள்ளும் பெற்றோர், அச்சாலை பெருஞ்சாலையில் சென்று முடிவதை மறத்தலாகாது.

நிறைவாக

படைவீரனின் வானொலிக்கு மின்சாரம் தந்த இயந்திரம், மிதிவண்டியில் ஏறி, சப்பானின் மூலைக்கடைகளைக் கடந்து, பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி, பால்மரக் காட்டு ஒற்றையடிப் பாதை வரை வந்தது. இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கின்றது. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பம் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தபோதும், கீழ்த்தளத்தில் அதே சிறு வண்டி நிற்கின்றது.

முதல் வண்டி வாங்க விழையும் இளைஞர் இவ்வரலாற்றை அறிதல் நன்று. அவர்தம் முன்னோர் குறைந்த பொருளை நெடுந்தூரம் செலவழிக்கத் தெரிந்தவர்கள். எண்ணெய்ச் செலவையும், பழுதுபார்க்கும் வசதியையும், தம் கால் தரையில் ஊன்றுவதையும் நோக்கி வாங்கினர். வீட்டினின்று புறப்படுவதைப்போலவே வீட்டிற்குத் திரும்பி வருவதையும் கருதி ஓட்டினர். மாலையில் வாசலில் அவ்வண்டியின் ஒலி கேட்கும்வரை அடுப்படியில் ஒரு தாய் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு இன்றும் மாறவில்லை. முதல் வண்டியைத் தேர்ந்தெடுப்பவன் அவளையும் எண்ணித் தேர்ந்தெடுப்பானாக.